அந்தப் புதன்கிழமைத் திருநீறு

ஏலவார்குழலி என்பது ஏகாம்பரநாதர் கோயில் அம்பாளின் பெயர். பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருந்த அப்பா, மூத்த பெண்ணுக்கு அதை வைத்தார். முப்பத்தாறாம் வயதில் ஞானஸ்நானம் வாங்கியபோது மாதா கோயில் பதிவேட்டில் ரீத்தம்மாள் என்று எழுதிக்கொண்டார்கள். அந்தப் பெயரில் அவளை ஒருவரும் கூப்பிட்டதில்லை. பூசையில் வேத வாசகம் படிக்க ஆள் வராத நாட்களில் சாமியாரே மைக்கில் "குழலி எங்கம்மா?" என்றுதான் கேட்பார். பழகிக்கொள்ளச் சொல்லி ஒரு கன்னியாஸ்திரீ ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அந்தப் பேரில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டேன் சிஸ்டர் என்றாள். அத்தோடு விட்டுவிட்டார்கள்.

இப்போது அவளுக்கு ஐம்பத்தொன்று. கலியாணம் செய்துகொள்ளவில்லை. பாவு பிணைப்பது தொழில். தறியில் ஒரு பாவு, அதாவது நெடுக்கே ஓடும் இழைகள், தீர்ந்துபோனால் அதன் நுனிகளை அறுத்துவிடாமல் அப்படியே தொங்கவிட்டிருப்பார்கள். புதுப் பாவு வந்ததும் பழைய இழை ஒவ்வொன்றோடும் புது இழை ஒவ்வொன்றைச் சேர்த்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே முறுக்கி மடித்துவிட வேண்டும். முடிச்சு கிடையாது, முறுக்கு மட்டும். நாலாயிரம் இழைக்கு மேல் இருக்கும். விரல் வழுக்காமலிருக்க அடிக்கடி சாம்பல் தொட்டுக்கொள்ள வேண்டும். பிணைத்த பாவை அச்சு என்கிற சீப்புக்குள் இழுக்கும்போது பத்து இழை அறுந்தால் சுமாரான ஆள். குழலி பிணைத்ததில் ஒன்றோ இரண்டோ அறும். அதனால் நெசவாளர் வீடுகளில் அவளைப் பற்றி ஒரே பேச்சுதான். குழலி கை சுத்தம். மாதா கோயிலுக்குப் போகிறவள் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் கூப்பிட்டார்கள். போனால் போகிறாள், கை சுத்தம் என்றார்கள்.

அவள் கிறிஸ்தவ வேதத்துக்குப் போன கதையில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. அப்பா இறந்த பிறகு தறி வேலை குறைந்த இரண்டு மூன்று வருஷம் கன்னியாஸ்திரீகள் நடத்திய மருந்தகம் ஒன்றில் கூட்டித் துடைக்கப் போனாள். புதன், சனி இரண்டு நாளும் தொழுநோய்க்காரர்கள் கட்டுப்போட்டுக்கொள்ள வருவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசைத் துணி எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனவள், பூசை முடியட்டும் என்று கடைசியில் நின்றாள். நற்கருணை வாங்க வந்த வரிசையில் தொழுநோய்க் காலனி ஆள் ஒருவர் இருந்தார். அவருக்கு விரல்கள் இல்லை. குழிவில்லாத உள்ளங்கையை நீட்டினார். சாமியார் அப்பத்தை வைத்தார். அது சரிந்தது. நிமிர்த்தி வைத்து, அது நிலைக்கும்வரை தன் கையை எடுக்காமல் நின்றார். பின்னால் நாற்பது பேர் காத்திருந்தார்கள். அந்தச் சாமியார் மகான் ஒன்றும் இல்லை. பிரசங்கத்தை இழுப்பார், கோயில் கூரை வேலைக்கு நன்கொடை கேட்காமல் ஒரு வாரமும் விட்டதில்லை. ஆனால் அந்த அப்பம் நிலைக்கும்வரை நின்றார். குழலி பார்த்தது அவ்வளவுதான். விரலை வைத்துப் பிழைக்கிறவளுக்கு அது போதுமாக இருந்தது போலும்.

தம்பி வேலாயுதம் ஒருமுறை ஏன் என்று கேட்டான். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவன் கத்தவில்லை, அவள் பெட்டியைத் தூக்கித் தெருவில் வைக்கவும் இல்லை. அடுத்த பாவு வந்தபோது பிணைக்க வெளியிலிருந்து ஒரு ஆளைக் கூட்டி வந்தான். கூடத்தில் அக்கா உட்கார்ந்திருக்க, முன்பின் தெரியாத ஒருவர் பாவுக்கு எதிரில் உட்கார்ந்து சாம்பல் தொட்டார். அதற்கு மேல் ஒரு நெசவு வீட்டில் சொல்ல வேறு சொல் வேண்டியதில்லை. அன்று சாயங்காலம் அவளே கிளம்பினாள். பதினைந்து வருஷம் ஆகிறது.

பிறகு, கட்டுப் போட்டுக்கொண்டிருந்த வயதான சிஸ்டர் வேறு ஊருக்குப் போய்விட்டார். மருந்தகத்தில் பிரசவமும் காய்ச்சலும் மட்டும் பார்த்தார்கள். காலனிக்காரர்கள் இரண்டு மூன்று புதன்கிழமை வாசல்வரை வந்து பார்த்துவிட்டு வராமல் நின்றுவிட்டார்கள். குழலி ஒரு பிளாஸ்டிக் வாளியும் உப்பும் வெள்ளைத் துணிச் சுருளும் எடுத்துக்கொண்டு வேகவதிக் கரைப்பக்கம் இருந்த அந்தக் காலனிக்குப் போனாள். பன்னிரண்டு வீடு. இருக்கிறவர்கள் எல்லோருக்கும் மருந்து சாப்பிட்டு நோய் போய் இருபது முப்பது வருஷம் ஆகிவிட்டது. யாருக்கும் ஒட்டாது. உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. காலில் கல் குத்தினால் தெரியாது, சுட்டால் தெரியாது. தெரியாததால் புண் ஆறாது. தினமும் கழுவி, காய்ந்த தோலைச் சீவி, மருந்து வைத்துக் கட்ட வேண்டும். வேலை முடிந்து நாலு மணிக்குப் போவாள். ஆறு மணிக்குத் திரும்பிக் குளிப்பாள். தறி வீடுகளில் இதை யாரிடமும் அவள் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

இரக்கத்தால் போனாள் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி இல்லை. வாசகங்களில் வருகிற அந்த மனம் கசிவது அவளுக்கு ஒருநாளும் வந்ததில்லை. முதல் வருஷம் அருவருப்பு இருந்தது. பிறகு அதுவும் போய்விட்டது. ஒருமுறை பாவசங்கீர்த்தனத்தில், சாமி, எனக்கு அவங்க மேல ஒண்ணும் தோணல, கட்டுப் போடுறேன், அவ்ளோதான் என்று சொன்னாள். செய்துகொண்டே இரும்மா, தானாக வரும் என்றார் சாமியார். அது எட்டு வருஷத்துக்கு முன்னால். வரவில்லை.

இந்த வருஷம் சிவராத்திரி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதற்கு மூன்றாம் நாள் மாதா கோயிலில் திருநீற்றுப் புதன். தவக்காலம் தொடங்குகிற நாள். போன வருஷத்துக் குருத்தோலையை எரித்த சாம்பலைச் சாமியார் ஒவ்வொருவர் நெற்றியிலும் சிலுவையாக இடுவார், மண்ணிலிருந்து வந்ததை மறக்காதே என்பார். குழலி காலை ஆறு மணிப் பூசைக்குப் போய் நெற்றியில் வாங்கிக்கொண்டு, அன்று தறி வேலை இல்லாததால் அங்கிருந்து நேரே காலனிக்குப் போனாள். கண்ணாயிரத்தின் வலது கால் புண்ணைக் கழுவும்போது வேர்த்தது. கையில் உறை போட்டிருந்ததால் முழங்கைக்கு மேற்புறத்தால் நெற்றியை இடமும் வலமுமாகத் துடைத்துக்கொண்டாள். சிலுவையின் நெடுக்குக் கோடு போய்விட்டது. குறுக்குக் கோடு அகலமாகி நெற்றி முழுவதும் பரவியது. அப்படியே மெயின் ரோட்டுக்கு வந்து ஷேர் ஆட்டோவுக்கு நின்றாள். அவளிடம் கைக்கண்ணாடி கிடையாது.

வெள்ளிக்கிழமை காலை அவள் வாடகை அறையின் முன்னால் ஒரு பைக் நின்றது. வேலாயுதம். தலை பாதி நரைத்திருந்தது. இறங்கவில்லை, வண்டியின் மேல் உட்கார்ந்தபடி ஹேண்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, பாவு ஏத்தி வெச்சிருக்கேன்," என்றான். "பிணைக்க ஆளு கெடைக்கல."

ஊரில் ஆள் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"யாருக்குடா?"

"சத்யாவுக்கு. சித்திர மாசம் கலியாணம். கூரப்பொடவ நம்ம தறியிலயே போடலாம்னு."

சத்யப்ரியா அவன் மகள். குழலி வீட்டை விட்டு வந்தபோது ஒன்பது வயது. கடையில் வாங்காமல், அப்பனே தன் தறியில் நெய்து மகளுக்குக் கட்டுகிற கூரைப்புடவைக்கு அந்தத் தெருவில் தனி மரியாதை உண்டு. அதற்குப் பாவு பிணைப்பவர் வீட்டு மனுஷியாக இருந்தால் இன்னும் விசேஷம். அவளுக்குச் சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால் சொல்வது கடினம். நாளைக்கே வருகிறேன் என்றாள். அவன் போன பிறகு கதவைச் சாத்தினாள். பதினைந்து வருஷத்தில் அவன் இதற்குமுன் ஒருமுறைகூட அக்கா என்று கூப்பிட்டதில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

கலியாணப் பாவு பிணைக்கிறவர் முடிக்கும்வரை அந்த வீட்டிலேயே சாப்பிட்டு அங்கேயே படுத்துக்கொள்வது அவர்கள் வீட்டு வழக்கம். இரண்டு நாள் வேலை. காலனியில் போன் வைத்திருக்கிற பெரியநாயகிக்குச் சொன்னாள். பெரியநாயகி புருஷனோடு இங்கே வந்து, புருஷன் போன பிறகும் இங்கேயே தங்கிவிட்டவள். அவளுக்கு நோயே வந்ததில்லை, ஆனாலும் வெளியே யாரும் வீடு கொடுக்கவில்லை. போயிட்டு வாம்மா, தம்பி வூட்டு சோத்த நல்லா சாப்டு, கண்ணாயிரம் காலு எங்க ஓடிடப் போவுது என்றாள்.

தம்பி வீடு மாறியிருந்தது. தரையில் டைல்ஸ். தறி மட்டும் அதே இடத்தில் இருந்தது. வேலாயுதத்தின் மனைவி புவனேஸ்வரி ஒரு தட்டில் கற்பூரமும் திருநீறும் கொண்டுவந்து பாவுக்குக் காட்டிவிட்டு, தட்டைக் குழலியிடம் நீட்டினாள். அந்த வீட்டில் எப்போதும் பிணைக்கிற விரலுக்குக் கோயில் திருநீறுதான். குழலி இரண்டு விரலால் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நெத்தியில இட்டுக்கலியா அண்ணி?" என்றாள் புவனேஸ்வரி. "அன்னிக்கி பட்ட போட்டுகினு ஆட்டோவுக்கு நின்னுகினு இருந்தீங்களே. வண்டியில போவச்சொல்ல பாத்தேன். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சி. வந்து இவருகிட்ட சொன்னேன், ஒங்க அக்கா திரும்பிட்டாங்கன்னு."

குழலிக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. தம்பி ஏன் வந்தான், ஏன் அக்கா என்றான், வெள்ளிக்கிழமை பார்த்து ஏன் வந்தான் என்பதெல்லாம். சொல்லிவிட அதுதான் நேரம். அவள் முன்னால் நாலாயிரம் இழை இரண்டரை முழ அகலத்துக்கு விரிந்து கிடந்தது. அரக்குச் சிவப்பு.

"வேர்வையில அழிஞ்சிடும்னு இட்டுக்கலமா," என்றாள்.

ஒரு சொல்லும் பொய்யில்லை. சேர்த்துப் பார்த்தால் பொய். அவள் அதைத் தெரிந்தே சொன்னாள். முதல் இழையை எடுத்து முறுக்கினாள்.

அன்றைக்குச் சத்யப்ரியா வேலைக்கு லீவு போட்டிருந்தாள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு ஆபீசில் இருக்கிறாள். அத்தையின் பக்கத்தில் மோடா போட்டு உட்கார்ந்து, போனில் முந்தானை டிசைனைக் காட்டினாள். அத்த, உங்களுக்கு வாட்ஸ்அப் இருக்குதா என்று கேட்டு நம்பர் வாங்கிக்கொண்டாள். ஒன்பது வயதில் பாவுக்கு அடியில் புகுந்து விளையாடி அடி வாங்கியது அவளுக்கு ஞாபகம் இல்லை. குழலிக்கு ஞாபகம் இருந்தது, சொல்லவில்லை. மத்தியானம் இலை போட்டுச் சாப்பாடு. வேலாயுதம் எதிரில் உட்கார்ந்து, முன்பு போலவே அப்பளத்தை நொறுக்கிச் சாம்பாரில் போட்டுச் சாப்பிட்டான். பக்கத்து வீட்டு அலமு வந்து எட்டிப் பார்த்தாள்.

"குழலி வந்துட்டாளா? வருவா. கை சுத்தமான பொண்ணு, எத்தினி நாளைக்கி வெளியவே நிக்கப் போறான்னு நான் அப்பவே சொன்னேன்."

குழலி சிரித்தாள். அன்றைக்கு இரண்டாயிரத்து இருநூறு இழை ஆயிற்று. நாலு மணி ஆனபோது கை தானாக நின்றது. உடம்பு எழுந்து வாளியைத் தேடிற்று. மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பூசைக்குப் போகவில்லை. போகிறேன் என்று கேட்கவும் இல்லை. காலையிலிருந்து பிணைத்தாள். பதினோரு மணிக்குப் போன் அடித்தது. அவளுடைய போன் பழையது, பேசினால் கூடம் முழுக்கக் கேட்கும்.

பெரியநாயகிதான் பேசினாள். கண்ணாயிரத்தின் மெத்தை ரப்பர் செருப்புக்கு வார் அறுந்துபோய், அவன் நேற்றே கட்டுக் காலோடு வெறுமனே நடந்து ஏகாம்பரநாதர் கோயில் வாசலுக்குப் பிச்சைக்குப் போயிருக்கிறான். தார் ரோட்டில் கட்டு தேய்ந்து புண்ணுக்குள் சரளைக்கல் போயிருக்கிறது. அவனுக்குத் தெரியவில்லை. இப்போது கால் வீங்கி நாறுகிறது, காய்ச்சல் நடுக்குகிறது. நூத்தியெட்டுக்குப் போட்டால், கட்டை மாத்திக் கட்டி வை, வண்டி வர நேரமாகும் என்கிறார்கள். எனக்குக் கட்டத் தெரியாதேம்மா என்றாள் பெரியநாயகி.

"வரேன்," என்றாள் குழலி. போனை வைத்தாள். தறியில் உட்கார்ந்திருந்த வேலாயுதம் திரும்பிப் பார்த்தான். புவனேஸ்வரி சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"எந்த கண்ணாயிரம்?" என்றான்.

அவள் சொன்னாள். எங்கே, எத்தனை வருஷமாக, என்ன செய்கிறேன் என்பதை மூன்று நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். சொல்வதற்கு அவ்வளவுதான் இருந்தது. புவனேஸ்வரி பாவைப் பார்த்தாள், குழலியின் விரல்களைப் பார்த்தாள், உள்ளே போனாள். உள்ளே குழாய் திறக்கிற சத்தம் கேட்டது.

வேலாயுதம் அக்காவைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போனான். துணி துவைக்கிற கல்லின் மேல் கையை ஊன்றிக்கொண்டான்.

"அப்ப அன்னிக்கி நெத்தியில இருந்தது?"

"எங்க கோயில்ல குடுத்தது. புதங்கெழம திருநீற்றுப் புதன்."

"திருநீறா?"

"அதுக்கும் திருநீறுன்னுதான் பேரு."

அவன் யோசித்தான். நெசவுக்காரன் அறுந்த இழையைத் தேடுவது போலப் பொறுமையாக யோசித்தான். பிறகு அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"அப்ப பொய்யில்லக்கா. யாரு கேட்டாலும் அக்கா திருநீறு இட்டுகினாங்கன்னு சொல்றேன். எந்தக் கோயில்னு எவன் கேக்கப் போறான்? நீ ஞாயித்துக்கெழம அங்க போ, நான் வேணாங்கல. புவனாகிட்டயும் நான் பேசிக்கறேன்."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. பதினைந்து வருஷம் அவன் சாத்தி வைத்திருந்த கதவு, ஒரு சொல் இரண்டு கோயிலுக்கும் பொதுவாக இருந்ததால் திறந்துகொண்டது. இவ்வளவு சுலபமா என்று அவளுக்குத் தோன்றியது.

"அந்தப் பக்கம் மட்டும் போவாத," என்றான் வேலாயுதம். "கலியாணம் முடியற வரைக்கும். பத்து வாரம். மாப்ள வூட்டுலயும் நெசவுதான், ஆரணிப் பக்கம். நாளைக்கி தெரிஞ்சா பொடவயவே தொட மாட்டாங்க. நான் சாமியப் பத்திப் பேசலக்கா. கையப் பத்திப் பேசறேன்."

"அது ஒட்டாது வேலு."

"எனக்குத் தெரியும். ஊருக்கு யாரு சொல்றது?"

"எனக்கு பதிலா போறதுக்கு ஆளு இல்ல."

"தேடு."

தேடியிருக்கிறாள். மூன்று வருஷமாகத் தேடுகிறாள். கோயிலில் அறிவிப்புக்கூடக் கொடுத்தார்கள். இரண்டு பெண்கள் ஒரு சனிக்கிழமை வந்தார்கள், அதோடு சரி. அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கண்ணாயிரத்தின் கால் பத்து வாரம் தாங்காது. பத்து நாளே சந்தேகம். மற்றவர்களின் புண் ஒரு மாதம் தாங்கும். அது மனக்கசிவு அல்ல. தறியைப் பார்த்ததும் எத்தனை இழை அறும் என்று சொல்கிறவளின் கணக்கு. அந்த நேரத்தில் ஏதாவது தோன்றும், ஒரு குரல், ஒரு சூடு, குறைந்தபட்சம் அழுகை வரும் என்று நினைத்துக்கொண்டு நின்றாள். துவைக்கிற கல்லில் சோப்பு நுரை காய்ந்திருந்தது. வேறொன்றும் இல்லை.

"இன்னும் தொள்ளாயிரம் இருக்குது," என்றாள். "போயிட்டு குளிச்சிட்டு காலையில வந்து முடிச்சிக் குடுக்கட்டா?"

வேலாயுதம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தான். சின்ன வயதில் அவனுக்குப் பிணைக்கக் கற்றுக்கொடுத்த கை, அவனுக்கு வராமல் அழுதபோது காதைத் திருகிய கை.

"பிணைச்சது இருக்கட்டும்," என்றான். "மீதிக்கி ஆளு பாத்துக்கறேன்."

அவள் கூடத்துக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். சத்யப்ரியாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். கூப்பிடலாமா என்று நின்றாள், பிறகு நடந்தாள். பாதி வழியில்தான் மூக்குக் கண்ணாடியைத் தறிமேல் வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தது.

கண்ணாயிரம் கயிற்றுக் கட்டிலில் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தான். அறுபது வயது. நெற்றியில் காலையில் இட்ட பட்டை வேர்வையில் கரைந்திருந்தது. கட்டைப் பிரித்தால் எறும்பு. உப்புத் தண்ணீரை மூன்று முறை மாற்றினாள். கண்ணாடி இல்லாததால் கல்லைக் கண்ணால் தேட முடியவில்லை, விரலால் தேடினாள். மூன்று கல். மூன்றாவது எலும்புக்குப் பக்கத்தில் இருந்தது. அவன் அதை எடுப்பதை ஏதோ அடுத்தவன் காலைப் பார்ப்பதுபோலத் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"இன்னாமா, கலியாணச் சாப்பாடா? பாதியில வந்துட்ட?"

பெரியநாயகி அவனை வாயை மூடச் சொன்னாள். குழலி நடந்ததைச் சொன்னாள். சொல்லாமல் இருக்கக் காரணம் எதுவும் தெரியவில்லை. நெற்றியில் இருந்ததைப் பார்த்துத் தம்பி வீட்டில் கூப்பிட்டார்கள் என்று சொன்ன இடத்தில் கண்ணாயிரம் சிரிக்கத் தொடங்கினான். நடுக்கமும் சிரிப்பும் சேர்ந்து கட்டில் ஆடியது.

"முப்பது வருசமா நான் தெனம் பட்ட போட்டுகினு அந்த வாசல்ல உக்காந்துகினு இருக்கேன். ஒரு நாய்கூட உள்ள வாடான்னு சொன்னதில்ல. உன்ன ரெண்டே நாள்ல வூட்டுக்கே வந்து கூப்ட்டாங்களா? உங்க சாமியாருகிட்ட கேட்டு எனக்கும் கொஞ்சம் வாங்கியா. நல்ல சரக்கு போல இருக்குது."

"ஆடாத. கட்டு அவுந்துடும்," என்றாள்.

துணியைச் சுற்றி, கடைசி நுனியைக் கிழித்து இரண்டாக்கிக் கட்டுவதுதான் முறை. அன்றைக்கு அவள் கட்டவில்லை. இரண்டு நுனியையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் முறுக்கி மடித்துவிட்டாள். இரண்டு நாளாக அதையே செய்த கை. கவனித்ததும் அவிழ்த்து முடிச்சுப் போட்டாள். காலுக்கு முறுக்கு நிற்காது.

ஆம்புலன்ஸ் இரண்டு மணிக்கு வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் இரண்டு கால்விரலை எடுத்தார்கள். கால் தப்பியது. இன்னும் ஒருநாள் போயிருந்தால் முழங்காலோடு போயிருக்கும் என்றார் டாக்டர். இதை அவர் எல்லோரிடமும் சொல்கிறவராகவும் இருக்கலாம்.

அலமு மூலமாகத் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. குழலியை வழக்கமாகக் கூப்பிடுகிற ஏழு வீட்டில் ஐந்து வீடு கூப்பிடுவதை நிறுத்தின. ஒரு வீட்டில் மஞ்சள் தண்ணீரில் இரண்டுமுறை கை கழுவிவிட்டு உட்காரச் சொன்னார்கள். அவள் கழுவிவிட்டு உட்கார்ந்தாள். இன்னொரு வீட்டுக் கிழவர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குக் காது கேட்காது. தெரிந்தும் கூப்பிடுகிறாரா, தெரியாமலா என்று அவளுக்குத் தெரியாது.

பங்குனியில் சத்யப்ரியாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் கலியாணப் பத்திரிகை வந்தது. அந்த ஊரில் சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகையை நேரில் வந்து, தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கையில் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப் என்பது ஆபீஸ் ஆட்களுக்கு அனுப்புவது. பெண் தெரியாமல் அனுப்பினாளா, தெரிந்து தன்னால் முடிந்த அளவு அனுப்பினாளா என்று குழலி யோசித்துப் பார்த்தாள். ஒரு பூங்கொத்துப் படம் அனுப்பினாள். அதற்கு இரண்டு நீல டிக் விழுந்தது.

முகூர்த்தம் காலை ஏழரைக்கு. அன்று காலையிலேயே அவள் காலனிக்குப் போய்விட்டாள். புடவை எப்படி வந்தது என்று தெரியாது. அவள் பிணைத்த மூவாயிரத்துச் சொச்சம் இழையும் அதில் இருக்காது என்பது மட்டும் தெரியும். பிணைச்சல் அச்சைத் தாண்டி முன்னால் வந்ததும் முதல் முழத்தை நெய்து, அந்த முழத்தோடு வெட்டி எறிந்துவிடுவார்கள். யார் பிணைத்தாலும் அப்படித்தான். புடவை அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

கலியாணம் முடிந்து நாலாம் நாள் ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். தறி வீட்டில் கொடுத்தார்கள் என்றார். செய்தித்தாளுக்குள் அவளுடைய மூக்குக் கண்ணாடி. வேறு ஒன்றும் இல்லை. கண்ணாடியைக் கழுவியிருந்தார்கள். மஞ்சள் தண்ணீரில் கழுவியிருக்க வேண்டும். சட்டத்தின் ஓரத்திலும் மூக்கு உட்காரும் இடத்திலும் மஞ்சள் காய்ந்து இருந்தது. அவள் தொட்டது என்பதால் கழுவினார்களா, மங்கலத்துக்குப் பிறகு அனுப்புகிற பொருள் என்று மஞ்சள் தொட்டார்களா? இரண்டுக்கும் அதே மஞ்சள்தான்.

முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். ஓரத்தில் இருந்தது போகவில்லை. இரண்டு மாதத்துக்கு மேல் கண்ணாடி இல்லாமல் விரலை நம்பியே ஓட்டியிருந்தாள். மாட்டிக்கொண்டாள். மணி மூன்றே முக்கால் ஆகியிருந்தது. வாளியை எடுத்தாள். அன்று சாயங்காலம் முழுக்கக் கண்ணாயிரத்தின் கட்டும் பெரியநாயகியின் புடவையும் ஓரத்தில் லேசாக மஞ்சளாகத் தெரிந்தன. இரண்டு மூன்று நாளில் அது தானாகப் போய்விட்டது.